ஏலத்தில் தோற்றவரைத் தேடி வருகிறார்கள்: எனக்குப் போனது 46,500 ரூபாய்

காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் பல்ப்பர், பவர் டில்லர், கிணற்று மோட்டார் என்று பழைய மெஷின் தேடி ஆன்லைன் ஏலத் தளங்களில் விலை கேட்டுக்கொண்டிருக்கும் நம்ம பக்கத்து ஆட்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். என்னிடமிருந்து 46,500 ரூபாயை ஒருவன் வழித்துக்கொண்டு போய்விட்டான். ஆத்திரம் ஆறுவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தளத்தின் பெயரைப் போடவில்லை. பழைய சாமான்களை ஏலம் விடும் தளம், அது போதும். இந்த வேலை எந்தத் தளத்திலும் நடக்கும்.

எங்களுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பி இருக்கிறது, இடையில் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. அராபிகாப் பழத்தை எடுத்த அன்றைக்கே தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவிக் காயவைத்தால் பார்ச்மென்ட். முழுப் பழமாகவே காயவைத்தால் செர்ரி, அதற்கு விலை குறைவு. சொந்தமாக பல்ப்பர் இல்லாதவன் பக்கத்து எஸ்டேட் வாசலில் மூட்டையோடு நிற்க வேண்டும். அவர்கள் பழம் முடிந்த பிறகுதான் நம் முறை வரும், அதற்குள் ராத்திரி ஆகிவிட்டால் பழம் புளிக்க ஆரம்பித்துவிடும். புது மெஷின் வாங்க வசதி இல்லாத என்னைப் போன்றவர்கள்தான் பழைய மெஷின் ஏலம் பார்க்கிறோம். எங்கள் அவசரம் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மோட்டார் மாட்டிய டிஸ்க் பல்ப்பர், பச்சை பெயின்ட், கூடலூர் பக்கம் என்று போட்டிருந்தான். நான் 46,500 வரை கேட்டேன். கடைசி நேரத்தில் யாரோ மேலே கேட்டு எடுத்துவிட்டார்கள். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அப்புறம்தான் விற்பவனிடமிருந்து செய்தி வந்தது. “அண்ணா, ஏலம் எடுத்தவர் பணம் கட்டலைங்க. நீங்க கேட்ட 46,500-க்கே தர்றேன். மெஷின் விவசாயி கையிலயே இருக்கட்டும்” என்று போன் நம்பரோடு. அந்தத் தளத்தில் நாம் கட்டும் பணத்தைப் பொருள் கைக்கு வந்து சரி என்று சொல்லும் வரை அவர்களே பிடித்து வைத்திருப்பார்கள். இவன் அதைத்தான் முதலில் உடைத்தான். “சைட்ல போனா கமிஷன் புடிச்சிருவாங்கண்ணா. அந்தக் காசுல மெஷினை உங்க ஊருக்கே அனுப்பி வச்சிருவேன்” என்றான். இப்போது யோசித்தால் எனக்கு மேலே கேட்டு ஏலம் எடுத்தவர் என்று ஒருவர் இருந்தாரா என்பதே சந்தேகம். தோற்றவர்கள் கேட்ட தொகை எல்லாம் விற்பவனுக்குத் தெரியும். அந்தத் தொகையையே சொல்லித் தனியாகக் கூப்பிட்டால் யாருக்கும் ஆசை வரும்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எல்லோரும் விழுவார்கள். போனில் அவன் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “உங்களுது எஸ் 795-ஆ, காவேரியாங்க?” என்று காப்பி ரகத்தைக் கேட்டான். பழத்தின் அளவுக்கு ஏற்ற மாதிரி இடைவெளி வைத்து அனுப்புகிறேன், இறுக்கமாக இருந்தால் கொட்டை கடிபடும், தளர்வாக இருந்தால் பழம் முழுசாக வெளியே வரும் என்று விளக்கினான். தோட்டத்தில் வேலை பார்த்தவன் பேசுகிற பேச்சு அது. நான் சும்மா விடவில்லை. ஒரு தாளில் என் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி மெஷின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது! மெஷின் ஓடுகிற வீடியோ, ஆதார் அட்டையின் படம், பழைய வாங்கிய பில், எல்லாம் வந்தது. இந்த மாதிரிப் படம் கேளுங்கள் என்றுதான் எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். அது வந்த பிறகும் 46,500 போயிற்று என்பதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். மெஷின் அவனிடம் இருப்பது வேறு, அதை அவன் நமக்குத் தருவது வேறு. ஆதார் படமும் அப்படித்தான். அது அவனுடையதா, இவனிடம் முன்பு ஏமாந்தவர் நம்பி அனுப்பியதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

முன்பணம் 10,000 போட்டேன். லாரி ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பினான், சேலம் லீ பஜார் பக்கம் உள்ள பார்சல் ஆபீசில் இறங்கும் என்று. மீதி 36,500-ஐ அதைப் பார்த்த பிறகுதான் போட்டேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். முதலில் “லோடு கிளம்பிருச்சுங்கண்ணா.” அப்புறம் “மேட்டுப்பாளையத்துல வண்டி ரிப்பேர்.” அப்புறம் இன்சூரன்ஸ் கட்டினால்தான் இறக்குவார்கள், 6,200 போடுங்கள், மெஷினோடு திரும்ப வந்துவிடும் என்றான். மலையில் இருந்து இறங்கி நேரே பார்சல் ஆபீசுக்கே போனேன். அங்கே இருந்த பெரியவர் ரசீது நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது எங்க நம்பரே இல்லீங்க தம்பி, எங்க பேரை மட்டும் போட்டுருக்கான்” என்றார். அந்த மனிதர் ஒருவர்தான் இந்த விஷயத்தில் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசியவர். 6,200 தர முடியாது, புகார் கொடுக்கப் போகிறேன் என்று அவனுக்குச் சொன்னேன். உடனே ஒரு கியூஆர் கோடு வந்தது, “ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, முழுப் பணமும் வந்துரும்” என்று. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் நம் கணக்கில் இருந்து போகிறது என்று அர்த்தம். நான் போடவில்லை. அத்தோடு போன் அடைபட்டது.

ஏலத் தளத்துக்கு எழுதினேன். தானியங்கிப் பதில்: “எங்கள் தளத்துக்கு வெளியே நடந்த பரிவர்த்தனைக்கு நாங்கள் பொறுப்பல்ல.” அவன் கணக்கையாவது முடக்குங்கள், அடுத்தவனாவது தப்பிக்கட்டும் என்று கேட்டேன். திரும்பவும் அதே வரி. ஆள் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் எண்ணே கிடையாது. அவன் அந்தத் தளத்தின் பெட்டியில்தான் எனக்கு முதல் செய்தி அனுப்பினான், அங்கே பார்த்துத்தான் என்னைப் பிடித்தான். அதற்கு யார் பொறுப்பு?

வங்கிக்குப் போனேன். ஒரு மேஜையில் இருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒருவர் நிமிர்ந்து பார்க்காமலே, “நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க சார், இது மோசடியில வராது” என்றார். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டால் அவரைக் காப்பாற்ற 2017-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி இருக்கிறதாம், அது நமக்குப் பொருந்தாதாம். பொய் சொல்லி வாங்கினால் அது திருட்டு இல்லையா? 46,500 ரூபாய் அவருக்கு ஒரு வரி. எனக்கு ஒரு தடவை பழம் பறிக்கும் ஆட்களின் கூலி. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். 2020-ல் வந்த மின்வணிக விதிகள் தளங்களுக்கும் தொழிலாக விற்பவர்களுக்கும்தான், தனியாள் எப்போதாவது விற்கும் பழைய சாமான் அதில் வராது, இது நேரே குற்றப் புகார்தான் என்றார்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற போன் எண்ணுக்குச் சொல்லி, சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீதில் இருக்கும் 12 இலக்க யூடிஆர் எண் (அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்), அவன் நம்பர், பேசிய செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தேவைப்படும். எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் நானும் அழிக்கப் பார்த்தேன், தங்கச்சி மகன்தான் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதலாம் என்று ஆரம்பித்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவ்வளவுதான்: ஏலத்துக்கு வெளியே வா என்று எவன் கூப்பிட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வெளியே வந்தால் தளமும் இல்லை, வங்கியும் இல்லை. மெஷினை நேரில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம்கூட வேண்டாம். கூடலூர் போக ஆகும் பஸ் செலவு 46,500-ல் ஒரு மூலைக்குக் காணாது. லாரி ரசீது வந்தால் அதில் அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் போன் போடாதீர்கள், அந்த ஆபீஸ் எண்ணை நீங்களே தேடிக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே 1930. வேறு கணக்குகளுக்குத் தாண்டுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. அப்புறம், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் 3,000 என்று எனக்கே இப்போது போன் வருகிறது. அதுவும் இதே கூட்டம்தான். எடுக்காதீர்கள்.

நேற்று ராத்திரி அதே பச்சை பல்ப்பர் வேறு பெயரில் திரும்ப ஏலத்துக்கு வந்திருக்கிறது, இந்தத் தடவை வால்பாறை என்று போட்டிருக்கிறான். ஹாப்பரின், அதாவது பழம் கொட்டும் தொட்டியின், இடது பக்கம் பெயின்ட் பெயர்ந்து ஒரு நீள வெட்டு இருக்கும். ஏற்காடு, கொல்லிமலை, தாண்டிக்குடி பக்கம் யாராவது அதைப் பார்த்து விலை கேட்டிருந்தால் உடனே விலகிக்கொள்ளுங்கள்.