சூப்பர்மேன் 2: ஒரே படம், நாலு கத்திரி

‘சூப்பர்மேன் 2’ பார்த்தேன் என்று யாராவது சொன்னால் ‘எதை?’ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஈஃபிள் கோபுரத்து வெடிகுண்டில் தொடங்குவதா, விண்வெளியில் வெடிக்கும் ஏவுகணையில் தொடங்குவதா? முத்தம் கொடுத்துக் காதலி லோயிஸை மறக்கடிப்பதா, பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னுக்கு ஓட்டுவதா? 1980 டிசம்பரில் தியேட்டருக்கு வந்தது ரிச்சர்ட் லெஸ்டரின் பெயர் போட்ட 127 நிமிடப் படம். 2006-இல் டிஸ்க்காக வந்தது 116 நிமிட ‘ரிச்சர்ட் டானர் கட்’. இவை போக ரசிகர்கள் தாங்களே வெட்டி ஒட்டியவை பல. பார்க்கத் தகுந்தது எது, எதில் எங்கே தையல் பிரிகிறது என்பதுதான் இங்கே கணக்கு.

கோளாறு எங்கே தொடங்கியது என்று தெரிந்தால்தான் வெட்டு புரியும். 1977-இல் இயக்குநர் ரிச்சர்ட் டானர் முதல், இரண்டாம் ‘சூப்பர்மேன்’ படங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் எடுக்க ஆரம்பித்தார். இரண்டாம் பாகத்தில் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்ட நிலையில், முதல் படத்தை முடித்தால் போதும் என்று அதை ஓரங்கட்டினார்கள். காலத்தைப் பின்னுக்குத் திருப்பும் காட்சி இரண்டாம் பாகத்தின் முடிவாக யோசித்தது. அதைத் தூக்கி முதல் படத்தின் முடிவாக வைத்துவிட்டார்கள். பிறகு தயாரிப்பாளர்களான சால்கைண்ட் தரப்பு டானரை விலக்கிவிட்டு லெஸ்டரைக் கூட்டி வந்தது. பணத் தகராறில் மார்லன் பிராண்டோ நடித்த காட்சிகள் அத்தனையும் வெளியே போயின. பிராண்டோவின் பாத்திரமான அப்பா ஜோர்-எல் பேச வேண்டியதை அம்மா லாரா பேசினார். வில்லன் லூத்தராக நடித்த ஜீன் ஹேக்மன் லெஸ்டரிடம் திரும்பி வரவில்லை. அதனால் லூத்தர் முகம் தெரியும் ஷாட் எல்லாம் டானர் எடுத்தது. பாக்கியை முதுகு காட்டும் டூப்பும் குரல் மிமிக்ரியும் சமாளித்தன.

ஆக, இந்தப் படத்துக்கென்று முதலில் யோசித்த முடிவு எந்தப் பெட்டியிலும் இல்லை. யார் கத்திரி எடுத்தாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த ஓட்டையில் கால் வைத்தே தீர வேண்டும். ஒரு ரசிகர் பதிப்பு தேறுமா என்று பார்க்க முதலில் அந்த இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ரசிகர் வேலைகளில் பழையதும் பெயர் பெற்றதும் ‘ரெஸ்டோர்டு இன்டர்நேஷனல் கட்’. 1984-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி இந்தப் படத்தை ஒளிபரப்பியபோது, தியேட்டரில் இல்லாத சுமார் 17 நிமிடத்தைச் சேர்த்தது. வேறு நாட்டு ஒளிபரப்புகளில் வேறு துண்டுகள் வந்தன. டானர் கட் வருவதற்கு முன்பே ரசிகர்கள் இவற்றைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு டிவிடியாக்கினார்கள். பனிக்கோட்டையில் கண் ஒளியாலேயே சூப்பர்மேன் சமைப்பதும், கடைசியில் வட துருவக் காவலர்கள் வந்து வில்லன்களை அழைத்துப் போவதும் தொலைக்காட்சி தந்த சரக்கு. பின்னது சின்னக் காட்சியானாலும் கனமானது. தியேட்டர் பதிப்பில் சக்தி இழந்த மூன்று வில்லன்கள் பனிப் பிளவுக்குள் விழுந்து மறைகிறார்கள், சூப்பர்மேன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர்கள் சாகவில்லை என்று சொல்வது இந்த ஒரு துண்டுதான்.

ஆனால் படத்தின் தரம்? இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். படம் எடுத்தது 2.39-க்கு 1 என்ற அகலச் சட்டத்தில் (ஃபிரேம்). தொலைக்காட்சிக்காக 4:3 ஆக வெட்டும்போது அகலத்தில் 56 சதவீதம்தான் மிஞ்சும். அந்தத் துண்டை மறுபடி அகலப் படத்துக்கு நடுவே வைக்க, மேலும் கீழும் வெட்டினால் உயரத்திலும் 56 சதவீதம். கடைசியில் கையில் இருப்பது மூலச் சட்டத்தின் 31 சதவீதப் பரப்பு. அமெரிக்க ஒளிபரப்பின் 480 வரியில் 268 வரி மிஞ்சும். புளூ-ரேயில் இதே படம் 800 வரிக்கு மேல் ஓடும். மூன்று மடங்கு இழுத்து ஒட்டினால் மெழுகுப் பொம்மைதான் தெரியும். ஏஐ வைத்துக் கூர்மைப்படுத்தினால் கண் இமை வரும், தோலில் இருந்த மணல்மணி, அதாவது படச்சுருளின் பொடிப்புள்ளிகள், போய்விடும். அடுத்த ஷாட்டில் அது திரும்பி வரும்போது கண் உறுத்தும். இப்படிப்பட்ட துண்டை 4:3 ஆகவே, இருபக்கமும் கறுப்புப் பட்டையோடு விடுவதே நேர்மை. பார்க்கிறவர் இரண்டு நொடியில் பழகிவிடுவார்.

வேகமும் உண்டு. ஐரோப்பியத் தொலைக்காட்சியின் ‘பால்’ (PAL) முறைப் பதிவு வினாடிக்கு 25 சட்டம், படச்சுருள் 24. அப்படியே ஏற்றினால் 127 நிமிடப் படம் 122-க்குச் சுருங்கும். குரலும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும். டெரன்ஸ் ஸ்டாம்ப் ‘மண்டியிடு’ என்று மிரட்டும் இடத்தில் அந்தக் குரல் மெலிந்தால் வில்லன்களின் தலைவன் ஜெனரல் ஸாடுக்கு என்ன மரியாதை? அமெரிக்கப் பதிவில் வேறு வியாதி: ஒவ்வொரு ஐந்து சட்டத்திலும் இரண்டு சட்டம், இரு படங்களின் வரிகள் பின்னிக் கிடக்கும். அதை முறையாகப் பிரித்து 24-க்குக் கொண்டுவராமல் வெறுமனே வரிகளைக் கலந்து மழுப்பினால், கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் படம் விக்கும்.

அடுத்து, அதிகாரபூர்வ டானர் கட். படத்தொகுப்பாளர் மைக்கேல் தாவ் கிடங்கிலிருந்த நெகடிவ்களை எடுத்துத் தொகுத்தார், பிராண்டோ காட்சிகளுக்கும் அனுமதி கிடைத்தது. சொல்லப்போனால் இதுவும் ஸ்டுடியோ பணத்தில் செய்த ஒரு ரசிகர் பதிப்புதான். படமாக்காமலே போன இடங்களை அடைக்க இருந்ததையெல்லாம் வைத்திருக்கிறார்கள். நயாகரா விடுதியில் லோயிஸ் துப்பாக்கியை நீட்டி, கிளார்க்தான் சூப்பர்மேன் என்று பிடிக்கும் காட்சி நடிகர் தேர்வுக்காக எடுத்த சோதனைப் படம். ஷாட்டுக்கு ஷாட், சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவின் தலைமுடியும் உடம்பும் மாறுவதைத் தடுக்க முடியவில்லை. ஆனாலும் அந்தக் காட்சி, தியேட்டர் பதிப்பில் கரடித் தோல் விரிப்பு தடுக்கி விழுந்து, கை நெருப்பில் பட்டு மாட்டிக்கொள்வதைவிடப் பத்து மடங்கு மேல். துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா என்று லோயிஸ் சொல்லும் நொடியில் கிளார்க்கின் முகம் போகிற போக்கு ஒன்று போதும்.

டானர் கட்டின் பெரிய தோல்வி கடைசியில். காலம் பின்னுக்குப் போகிறது, வில்லன்கள் மறுபடி சிறைக்குள், நகரம் உடையவே இல்லை. அடுத்த காட்சியில் கிளார்க் ஒரு நெடுஞ்சாலை உணவகத்துக்குப் போய், சக்தி இழந்திருந்தபோது தன்னை அங்கே அடித்த லாரிக்காரனைத் திருப்பி அடிக்கிறார். அடிதடியே நடக்காத உலகத்தில், ஒன்றும் அறியாத ஒரு மனிதனுக்கு எதற்கு அடி? முதல் படம் பார்த்தவர்களுக்கோ அதே வித்தையை இரண்டாவது தரம் பார்க்கிற சலிப்பு வேறு.

இந்த இடத்தில்தான் இரண்டையும் கலந்து செய்யும் பதிப்புகள் மதிப்புப் பெறுகின்றன. டானர் கட்டில், காலத்தைத் திருப்புவதற்குச் சற்று முன்பு, சூப்பர்மேன் லோயிஸை அவள் வீட்டில் இறக்கிவிட்டுப் பேசும் காட்சி இருக்கிறது. ரகசியத்தைக் காப்பேன் என்று அழுதுகொண்டே சொல்கிறாள். அங்கேயே நிறுத்திவிடலாம். மறதி முத்தமும் வேண்டாம், காலச் சக்கரமும் வேண்டாம். லோயிஸுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் வாய் திறக்க மாட்டாள். அதன்பின் உணவகத்து அடி நியாயமாகிவிடுகிறது, ஏனென்றால் முதல் அடி நிஜமாகவே நடந்திருக்கிறது. லெஸ்டர் பதிப்பிலிருந்து, வெள்ளை மாளிகைக்குக் கொடியைத் திரும்பக் கொண்டுவரும் காட்சியையும் ஒட்டலாம், கூரை உடைந்ததும் உண்மைதானே. கிடைக்கிற துண்டுகளை வைத்து இதைவிட நல்ல முடிவு கட்ட வழியில்லை என்பது இந்த விமர்சனத்தின் தீர்ப்பு. மூன்றாம் படத்தோடு இது பொருந்தாதே என்பவர்கள் மூன்றாம் படத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

கலக்கும்போது ஆசைதான் எதிரி. இரண்டு பதிப்பிலும் நல்லதாகத் தெரிவதையெல்லாம் உள்ளே போட்டால் படம் சொன்னதையே சொல்லும். டானர் கட்டில் லோயிஸ் பத்திரிகை அலுவலக ஜன்னலிலிருந்து குதித்துச் சோதிக்கிறாள், லெஸ்டர் பதிப்பில் நயாகரா ஆற்றில் குதித்துச் சோதிக்கிறாள். இரண்டையும் வைத்தால் அவள் புத்திசாலி நிருபராகத் தெரிய மாட்டாள், குதிப்பதையே தொழிலாக வைத்திருப்பவளாகத் தெரிவாள். ஜன்னலை வைத்துக்கொண்டு ஆற்றை வெட்டுவது நல்லது. துப்பாக்கிக் காட்சி நேராக அதன் தொடர்ச்சியாக வரும். ஆனால் ஜன்னல் காட்சி முதல் படம் முடிந்த கையோடு நடப்பது. அதை வைத்தால் ஏவுகணைத் தொடக்கத்தையும் வைத்தாக வேண்டும், ஈஃபிள் போய்விடும். ஒரு செங்கல்லை உருவினால் மூன்று ஆடும். ரஷ்மோர் மலைச் சிற்பங்களை வில்லன்கள் மாற்றுவதும் வாஷிங்டன் நினைவுத் தூணைச் சாய்ப்பதும் இதே மாதிரி, ஒன்று போதும்.

வரிசையும் கவனம். லெஸ்டரிடம் சூப்பர்மேன் முதலில் சக்தியைத் துறக்கிறார், பிறகுதான் படுக்கை. டானரிடம் படுக்கை முதலில். பிராண்டோ மகனைக் கண்டிக்கும் காட்சியில் லோயிஸ் சூப்பர்மேனின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். அந்தச் சட்டைதான் வரிசையைத் தீர்மானிக்கிறது. இதைக் கவனிக்காமல் பிராண்டோவை லெஸ்டரின் வரிசைக்குள் செருகினால், உடை ஒன்று சொல்லும், கதை ஒன்று சொல்லும். சக்தி திரும்பும் இடத்தில் பிராண்டோ இல்லாத பதிப்பை எடுக்கவே வேண்டாம். தியேட்டர் படத்தில் பச்சைப் படிகம் மினுங்குகிறது, அவ்வளவுதான். டானரிடம் தந்தை தன்னிடம் மிஞ்சிய உயிர்ச்சக்தி முழுவதையும் கொடுத்து மறைகிறார். படத்துக்கு முதுகெலும்பே அதுதான்.

ஒளியில் இரண்டு பேரின் கை தெரியும். டானரின் ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் வெளிச்சத்தைப் புகைபோல் மென்மையாக்கிப் பிடிப்பவர். அவர் 1978-இலேயே இறந்துவிட்டார். லெஸ்டருக்கு ராபர்ட் பெய்ன்டர் எடுத்தது தட்டையாக, துல்லியமாக, சித்திரக்கதைப் பக்கம் மாதிரி இருக்கும். நிறத்தை மட்டும் சமப்படுத்தினால் போதாது. அன்ஸ்வொர்த்தின் ஷாட்டைக் கூராக்காமல், லெஸ்டரின் ஷாட்டில் வெளிச்சமான பகுதிகளுக்கு மட்டும் லேசாகப் பனிமூட்டம் கொடுத்தால் இரண்டும் ஓரளவு சேரும். லோயிஸாக நடித்த மார்கோ கிடரின் முடியும் முக ஒப்பனையும் மாறுவதற்கு மருந்து இல்லை. ஒரே உரையாடலுக்குள் இரண்டு காலத்துக் கிடரை வைக்காமல் காட்சி முடிந்த இடத்தில் மாறுவது ஒன்றே வழி.

ரசிகர் பதிப்புகள் அதிகம் கவிழ்வது ஒலியில். லெஸ்டர் படத்துக்கு ஜான் வில்லியம்ஸின் மெட்டுகளைக் கென் தோர்ன் தழுவி இசையமைத்தார், வாத்தியக் கூட்டமும் சிறியது. டானர் கட்டுக்கு முதல் படத்தின் வில்லியம்ஸ் இசையையே போட்டார்கள். மாறிமாறி வெட்டினால் இசை பெருத்தும் இளைத்தும் வரும். 5.1 சுற்றொலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் இருக்கும் என்பதால், மற்றவற்றை அடக்கிவிட்டு வேறு இசை போடுவார்கள். மெட்ரோபொலிஸ் தெருச் சண்டையில் இது செல்லாது. கண்ணாடி உடைவதும் கார் நொறுங்குவதும் பக்க ஸ்பீக்கர்களில் இருப்பதால், இசையோடு சேர்ந்து அவையும் போய்விடும். ஸ்ப்ளீட்டர், டெமக்ஸ் போன்ற மென்பொருள்கள் குரலை அழகாகப் பிரிக்கும், சத்தத்தை இசையிலிருந்து பிரிப்பதில் திணறும். அந்தச் சண்டையில் சூப்பர் மூச்சுக் காற்று வீசும்போது ஐஸ்கிரீம், குடை, தொலைபேசிக் கூண்டு என்று லெஸ்டர் வைத்த கோமாளித்தனங்களை வெட்டத் துடிக்காத ரசிகர் இல்லை. வெட்டலாம். ஆனால் கீழே ஓடும் இசை அறுந்த இடத்தில் உடைசத்தங்களைப் புதிதாக அடுக்க வேண்டும். அதைச் செய்யாத பதிப்பில், நகரமே நொறுங்கும்போது காதில் வெறும் காற்றுதான் கேட்கும்.

முதன்முறை பார்ப்பவர் எதைப் பார்ப்பது? தியேட்டர் பதிப்பையே. நகைச்சுவை அங்கங்கே துருத்தினாலும், மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடும் படம் அது ஒன்றுதான். அடுத்து டானர் கட், பிராண்டோவுக்காகவும் துப்பாக்கிக்காகவும். இரண்டும் பார்த்துவிட்டு மனம் ஆறாதவர்களுக்குத்தான் கலவை. இன்டர்நேஷனல் கட் ஆராய்ச்சிக்காரர்களுக்கு.

ஒழுங்கான ரசிகர் தொகுப்பாளர்கள் காசு வாங்க மாட்டார்கள், மூல டிஸ்க் உங்களிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். விலை போட்டு விற்கும் டிஸ்க் என்றால் அது திருட்டு விசிடி வியாபாரம்தான். கலவைப் பதிப்பு எதுவும் கைக்கு வந்தால் முழுதாகப் பார்க்க உட்காரும் முன் மூன்று இடங்களைத் தட்டிப் பாருங்கள். தெருச் சண்டையில் கண்ணாடிச் சத்தம் கேட்கிறதா, பிராண்டோ பேசும்போது லோயிஸ் போட்டிருக்கும் சட்டைக்கு முன்காட்சி காரணம் சொல்கிறதா, உணவகத்தில் லாரிக்காரன் அடி வாங்கும்போது அவனுக்குக் கிளார்க்கை அடையாளம் தெரிய வாய்ப்பிருக்கிறதா.