பபூனுக்குத் தோதான மைக்: ஷ்யூர் எஸ்எம்58

திருவிழா இசை நாடகத்தில் முதலில் மேடையேறிக் கூட்டத்தை உட்கார வைப்பது பபூன். நையாண்டியின் கடைசிச் சொல் கடைசி வரிசைவரை போகவில்லை என்றால் அவர் பாடு திண்டாட்டம். அந்த வேலைக்கு 1966-ல் வந்த இந்த வயர் மைக் இன்றும் நம்பகமானது. டைனமிக் வகை, பாண்டம் பவர் (மிக்சரிலிருந்து வயர் வழியாக மைக்குக்கு வரும் மின்சாரம்) வேண்டாம். 300 கிராம் எடை. கை தவறி விழுந்தாலும் எளிதில் சாகாது.

இது முன்னால் வரும் குரலைத்தான் நன்றாக வாங்கும். ஆர்மோனியக்காரரைக் கலாய்க்கத் தலையை மட்டும் திருப்பினால் பாதி வசனம் காற்றோடு போச்சு. தலையைத் திருப்பாமல், ஸ்டாண்டைச் சுற்றி ஓரடி நகர்ந்து, வாய்க்கும் அவருக்கும் நடுவில் மைக் இருக்கும்படி நின்று பேச வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி போதும். அதுவே இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் இறங்கும். மைக் செட்காரர் ஏற்றுவார், உடனே கூவும். வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் கூவும். பின்பக்கச் சத்தத்தை ஒதுக்கும் குணம் அதோடு போய்விடுகிறது. மேடையில் இருப்பவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் பாக்ஸ் மைக்குக்கு நேர் பின்னால் இருக்கட்டும்.

சுவிட்ச் இல்லாத மாடலையே வாங்குங்கள். சேட்டை பண்ணும்போது கட்டைவிரல் பட்டு அணைந்தால் ஜோக்கும் அணைந்துவிடும்.

பலகை மேடையில் குதித்தால் ஸ்பீக்கரில் ‘தொம் தொம்’ கேட்கும். ஸ்டாண்டுக்கு அடியில் மடித்த சாக்கு, மிக்சரில் லோ கட் (அடித்தொனியைக் குறைக்கும் வசதி), இரண்டும் அவசியம். காற்றடித்தால் மேலே ஒரு ஸ்பாஞ்ச் உறை.

ஒரு பழி மட்டும் மைக்குக்குச் சேராது. 70 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு மேடை ஸ்பீக்கரிலிருந்து வசனம் போக 0.2 விநாடி, சிரிப்பு திரும்ப இன்னொரு 0.2. அதற்குள் அடுத்த வரியை எடுத்தால் சிரிப்பே அதை விழுங்கிவிடும். ஆல்ரவுண்டுக்காரர் (பக்கத்தில் தாளக்கருவி வாசிப்பவர்) ஒரு தட்டு தட்டி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

பவுடர், எச்சில், வெற்றிலைச் சாறு எல்லாம் வலையில் அடைந்தால் ‘ச’, ‘ஸ’ மழுங்கும். வலைத்தலையைத் திருகிக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, உள் ஸ்பாஞ்ச் ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்த பிறகே மாட்டவும். அடியிலிருக்கும், குரலை வாங்கும் கேப்சூலில் தண்ணீர் படவே கூடாது.

பபூன், டான்ஸ் ஜோடிக்கு ஒரே மைக் வைப்பது கஞ்சத்தனம். ஒருவர் பேசும்போது மற்றவர் ஒதுங்க வேண்டியிருக்கும், எசப்பாட்டு தடுமாறும். ஆளுக்கொன்று, மூன்றடி இடைவெளியில்.