கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு எந்த லேப்டாப்: மேக்புக்கா, கேமிங்கா, சாதா விண்டோஸா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே மாமாக்களும் சித்தப்பாக்களும் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முன்பெல்லாம் கைக்கடிகாரம், இப்போது லேப்டாப். பாசத்தில் குறை சொல்ல முடியாது, அவசரம்தான் இடிக்கிறது. எந்தப் படிப்பு, எந்த ஊர், விடுதியா வீடா என்று எதுவுமே முடிவாகாத நேரம் அது. பொறியியல் கலந்தாய்வு முடிந்து சீட் கைக்கு வர ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். கணினி அறிவியலை நினைத்து வாங்கிய மேக்புக், மெக்கானிக்கல் எடுத்த பையனிடம் போய்ச் சேர்ந்தால் இரண்டாம் ஆண்டிலிருந்து தலைவலிதான். ரிசல்ட் அன்று வாக்கு மட்டும் கொடுங்கள், சீட் உறுதியானதும் வாங்கிக்கொள்ளலாம்.

கடையில் போட்டி பெரும்பாலும் மூன்று ரகங்களுக்குள்தான். ஆப்பிளின் மேக்புக் ஏர், தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப், மெல்லிய சாதா விண்டோஸ் லேப்டாப். ராம், பிராசஸர் என்று பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், படிப்புக்கு வேண்டிய மென்பொருள் எதில் ஓடும் என்று பார்த்துவிடுவது நல்லது. பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மாணவர்கள் தொடப்போகும் சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, கிரியோ மூன்றும் மேக்கில் ஓடாது. சிவில், கட்டடக்கலைக்காரர்களின் ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், லூமியன் ஆகியவையும் விண்டோஸுக்கு மட்டும்தான். ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு. அதை மட்டும் கேட்டுவிட்டு ‘எல்லாம் ஓடும் சார்’ என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் (இசிஇ) மாணவருக்கு வரும் கீல், விவாடோ மென்பொருள்களுக்கும் மேக் சரிப்படாது. பி.காம்., சி.ஏ. பக்கம் போனால் கணக்கு மென்பொருளான டேலி பிரைம், அதுவும் விண்டோஸ்தான். பழைய இன்டெல் மேக்குகளில் சேமிப்பகத்தின் இன்னொரு பகுதியில் விண்டோஸைப் போட்டுக்கொள்ள பூட் கேம்ப் இருந்தது. 2020 இறுதியில் வந்த ஆப்பிளின் சொந்த சிப்பான எம்1 முதற்கொண்டு அந்த வழியும் அடைபட்டது. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் மென்பொருளைப் போட்டு ஓட்டலாம் என்பார்கள். அதில் ஓடுவது இன்டெல் வகைச் சிப்புக்கான விண்டோஸ் அல்ல, ஆர்ம் என்ற வேறு வகைச் சிப்புக்கான விண்டோஸ். கனமான பொறியியல் மென்பொருளை அதில் ஏற்றி ஒரு பருவத்தை ஓட்டுவது வீண் வேலை.

கணினி அறிவியல், ஐடி, கணிதம், விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) என்றால் கதையே வேறு. பைதான், ஜாவா, சி, மேட்லாப் எல்லாம் மேக்கில் சுகமாக ஓடும். வீடியோ எடிட்டிங்கில் ஏர் காட்டும் வேகமும், அதன் திரையில் தெரியும் நிறமும், அதே விலையில் வரும் பல விண்டோஸ் கருவிகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். விஸ்காம் மாணவிக்குப் பரிசளிப்பது நானாக இருந்தால் வேறு எதையும் யோசிக்கவே மாட்டேன்.

ஆனால் விலை இடிக்கும். எம்4 ஏர் 2025 மார்ச்சில் வந்தபோது இந்தியாவில் 99,900 ரூபாய், மாணவர் சலுகையில் 89,900. ஆஃபரில் பழைய ஏர் மலிவாக வரும்போது ராம் எவ்வளவு என்று பாருங்கள். 2024 அக்டோபரில்தான் ஏரின் ஆரம்ப மாடலுக்கே 16 ஜிபி வந்தது, அதற்கு முன் 8 ஜிபி. மேக்கில் ராமைப் பிறகு கூட்டவே முடியாது. நான்கு ஆண்டுக்கு 8 ஜிபியை வாங்கித் தருவதற்குப் பதில், அந்தக் காசில் நல்ல விண்டோஸ் ஒன்றை வாங்கலாம்.

அடுத்து கேமிங் லேப்டாப். பையன்கள் கேட்பது இதைத்தான், காரணமாகச் சொல்வது ‘ஏஐ படிக்க வேண்டும்’ என்பது. பாதி உண்மை. என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருந்தால், அதில் ஏஐ கணக்குகளை ஓட்டும் ‘கூடா’ (CUDA) என்ற மென்பொருள் வேலை செய்யும், சிறிய ஏஐ மாடல்களை வீட்டிலேயே பழக்கலாம். ஆனால் லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4050 கார்டில் இருப்பது 6 ஜிபி நினைவகம். அதைத் தாண்டும் எந்த வேலைக்கும் எப்படியும் இணையம் வழியே கூகுளின் கணினியில் வேலை செய்யவிடும் கூகுள் கோலாப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். அதில் இலவசமாகக் கிடைக்கும் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களுக்குப் போதும். கேமிங் லேப்டாப்பை நியாயமாகக் கேட்கக்கூடியவர் பி.ஆர்க். மாணவர். லூமியனில் ஒரு வீட்டை நிஜம் போன்ற படமாக ரெண்டர் செய்ய உட்கார்ந்தால், தனி கார்டு இல்லாத கருவி மூச்சு வாங்கும். விளையாடத்தான் வேண்டும் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கட்டும், தப்பில்லை.

கேமிங் லேப்டாப்பின் எடையைக் கடையில் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. கருவி 2.3 கிலோ அளவில் இருக்கும், சார்ஜர் அரைக் கிலோ தனி. மேக்புக் ஏர் 1.24 கிலோ. காலை ஏழு மணிக்கு நின்றுகொண்டே கல்லூரிப் பேருந்தில் போகும் பெண்ணின் தோளில் இந்த வித்தியாசம் தெரியும். சார்ஜும் அப்படியே. கேமிங் கருவி பாடம் படிக்கும்போதே மூன்று, நான்கு மணி நேரத்தில் பிளக்கைத் தேடும், வகுப்பறையில் பிளக் எங்கே இருக்கிறது? ஏருக்கு ஆப்பிள் சொல்வது 18 மணி நேரம். அது வீடியோ ஓட்டிப் பார்த்த கணக்கு என்றாலும், ஒரு கல்லூரி நாளைத் தாங்கிவிடும். நல்ல மெல்லிய விண்டோஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஏரில் ஃபேன் கிடையாது, நூலகத்தில் சத்தமே வராது. கேமிங் லேப்டாப்பின் ஃபேன் நள்ளிரவில் விடுதி அறையில் ஓடினால் பக்கத்துக் கட்டில்காரர் என்ன சொல்வார் என்பது அவரவர் நட்பைப் பொறுத்தது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு என் தேர்வு மூன்றாவது ரகம், 60 ஆயிரம் சுற்றுவட்டாரத்து மெல்லிய விண்டோஸ். பெட்டிக்குப் பெட்டி தரம் மாறுவதும் ஏமாற்று அதிகம் நடப்பதும் இதில்தான், எனவே ஸ்டிக்கரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு லேப்டாப்பில் ஏஎம்டி பிராசஸரின் பெயரான ‘ரைசன் 5’ ஒட்டியிருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. 7520யு என்பது நான்கு கோர் கொண்ட பழைய ஜென் 2 வடிவமைப்பு. 7530யு ஆறு கோர் உள்ள ஜென் 3. பெயரில் ஒரே ஒரு எண்தான் மாறியிருக்கிறது, ஆனால் வேலையில் பெரிய இடைவெளி. ஏஎம்டியின் இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம் எந்தத் தலைமுறை என்று சொல்லும். அதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

‘இப்போது 8 ஜிபி போதும் சார், அப்புறம் ஏத்திக்கலாம்’ என்ற யோசனை சில ஆண்டுகளுக்கு முன் நல்ல யோசனை. இப்போது பல மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டோடு பற்றவைத்தே வருகிறது. ஸ்லாட் இருந்தாலும், ஏஐ தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து ராம் விலை எகிறிக் கிடக்கிறது. அதனால் 16 ஜிபியோடு வாங்கிவிடுவதே மலிவு. கோபைலட் பிளஸ், என்பியு (ஏஐ வேலைக்கான தனிச் சிப்) என்று வரும் புதுப் பேச்சுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம், படிப்புக்கு அது தேவைப்படாது. அந்தப் பணத்தை நல்ல திரைக்கும், தற்செயல் சேத வாரண்டிக்கும் போடுங்கள். டீ கொட்டுவதும் கட்டிலிலிருந்து விழுவதும் சாதாரண ஓராண்டு வாரண்டியில் சேராது.

பழுது பார்ப்பதிலும் இந்த ரகம்தான் முன்னால் நிற்கிறது. கீபோர்டு, பேட்டரி, திரையைத் தாங்கும் ஹிஞ்ச் போனால் பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் ஆள் கிடைப்பார். மேக்கின் திரை உடைந்தால் அங்கீகரிக்கப்பட்ட மையத்தைத் தேடிப் பெரிய நகரத்துக்குப் போக வேண்டியிருக்கும், பில்லும் அதற்கேற்றபடி.

அவ்வளவு பட்ஜெட் இல்லையா? சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் கிடைக்கும், அலுவலகங்கள் கழித்துவிட்ட லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட் லேப்டாப்களை ஒதுக்கிவிட வேண்டாம். கீபோர்டில் இவற்றை மிஞ்ச இன்றைய 60 ஆயிரம் ரூபாய்க் கருவியாலும் முடியாது. ஒரு எச்சரிக்கை மட்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இன்டெல் பிராசஸர் என்றால் விண்டோஸ் 11க்குப் பெரும்பாலும் குறைந்தது எட்டாம் தலைமுறை வேண்டும். திங்க்பேட் டி470, டி480 இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் டி470 இந்தக் கோட்டுக்கு வெளியே, எட்டாம் தலைமுறைச் சிப்போடு வரும் டி480 உள்ளே. டி480இல் ராம் ஸ்லாட் இரண்டு உண்டு, ராமைப் பிறகும் கூட்டிக்கொள்ளலாம். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அந்தக் கடையிலேயே ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை.

டேப்லெட்டை மருத்துவ மாணவருக்கு மட்டும் முழு மனதோடு சொல்வேன். தடித்த புத்தகங்களின் பிடிஎஃப், படம் வரைந்து எழுதும் குறிப்பு எல்லாவற்றுக்கும் ஐபேடும் பென்சிலும் பொருத்தம். மற்றவர்களுக்கு அது இரண்டாவது கருவி. டெஸ்க்டாப், வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்குக் காசுக்கு மேல் வேகம் தரும், யுபிஎஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுதிக்கு வேண்டாம்.

அரசு தரும் கருவி வருமா என்றும் விசாரியுங்கள். 2011இல் பிளஸ் டூ மாணவர்களுக்காகத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பின்னால் நின்றுபோனது. 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. பிள்ளைக்கு அது கிடைக்கும் என்றால், உங்கள் பரிசு 24 அங்குல மானிட்டராகவோ 1 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியாகவோ இருக்கட்டும். இரண்டாவது லேப்டாப்பைவிட அது நன்றாக உழைக்கும்.

விடுதி விதிகளையும் முன்பே கேட்டுவிடுங்கள், முதலாண்டில் லேப்டாப்பை அனுமதிக்காத விடுதிகளும் உண்டு. வாங்கியதை ரிப்பன் கட்டிப் பீரோவில் வைத்து, கிளம்பும் நாளில் கொடுப்பது அழகாகத்தான் இருக்கும். ஆனால் இணையத்தில் வாங்கினால் மாற்றித் தரும் கெடு சில நாட்கள்தான். பெட்டி வந்த அன்றே பிரித்து, திரையில் கரும்புள்ளி இருக்கிறதா, எல்லாக் கீயும் வேலை செய்கிறதா, ஸ்டிக்கரில் இருக்கும் ராம் உள்ளேயும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மூடி வையுங்கள்.