முதல் 5 கி.மீ. பந்தயத்துக்கு 'கவுச் டு 5கே' செயலி போதுமா?

ஓடிப் பழக்கமே இல்லாமல் ஒரு 5 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்லக்கூடிய செயலி இது. பிரிட்டனின் அரசு சுகாதார சேவையான என்.எச்.எஸ். வெளியிட்டிருக்கிறது, கட்டணம் கிடையாது. பயிற்சித் திட்டம் அதைவிடப் பழையது. ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை ஓட வைப்பதற்காக 1996-ல் உருவாக்கியது. 9 வாரம், வாரத்துக்கு 3 ஓட்டம், நடுவில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு.

முதல் வாரத்தில் 5 நிமிடம் வேகநடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்பதைக் காதில் ஒரு குரல் சொல்லிவிடும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பிரபலங்களின் குரல்களில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எல்லாம் ஆங்கிலம்தான் என்றாலும் கட்டளைகள் எளிமையானவை. நீங்கள் கேட்கும் பாட்டும் கூடவே ஓடும்.

திட்டத்தின் உண்மையான சோதனை 5-வது வாரம். முதல் ஓட்டத்தில் 5 நிமிடம் மூன்று தடவை, இடையில் 3 நிமிட நடை. இரண்டாவதில் 8 நிமிடம் இரண்டு தடவை, இடையில் 5 நிமிட நடை. மூன்றாவதில் நிற்காமல் 20 நிமிடம்! அட்டவணையைப் பார்த்ததும் பலர் இங்கேதான் மிரண்டுபோகிறார்கள். ஆனால் அதுவரை சொன்னபடி ஓடியவருக்கு இது முடியும். முடியாமல் போனால் பெரும்பாலும் காரணம் வேகம். குறுகிய ஓட்டங்களை விரட்டி விரட்டி ஓடிப் பழகியவர் அதே வேகத்தை 20 நிமிடம் இழுக்கப் பார்க்கிறார், ஆறாவது நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். அடுத்த வாரத்தின் முதல் ஓட்டம் மறுபடி 5, 8, 5 நிமிடத் துண்டுகளாக வரும். அதைப் பின்னடைவு என்று நினைத்துத் தாண்டிவிட வேண்டாம், 20 நிமிட ஓட்டத்துக்குப் பிறகு கால் இளைப்பாறத்தான் அது.

மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக அதைவிட நாளாகும். அதனால்தான் 3, 4-வது வாரங்களில் கெண்டைக்காலுக்கு முன்பக்கம், எலும்பின் ஓரமாக வலி தலைகாட்டுகிறது. ஓய்வு நாளிலும் ஓடுவது, தேய்ந்த ஷூ, கான்கிரீட் தரை ஆகியவை அதைக் கூட்டும். ஓடி முடித்ததும் வலி தணிந்தால் அதே வாரத்தை இன்னொரு முறை ஓடுங்கள். எலும்பில் ஒரே இடத்தில் தொட்டாலே வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் முதல் வாரத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

பந்தயத்துக்கு ஓடுபவர் கவனிக்க வேண்டிய பெரிய குறை ஒன்று உண்டு. பெயரில் 5 கி.மீ. இருந்தாலும் செயலி உங்களைக் கொண்டுபோய் விடுவது 30 நிமிட ஓட்டத்தில். 30 நிமிடத்தில் 5 கி.மீ. முடிக்க ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகம் வேண்டும். புதிதாக ஓடுபவர் பலருக்கு 8 நிமிடம் ஆகும். அந்தக் கணக்கில் 30 நிமிடத்துக்கு 3.75 கி.மீ.தான், மீதி 1.25 கி.மீ.க்கு இன்னும் 10 நிமிடம் ஓட வேண்டும். ஆகவே பந்தய நாளிலிருந்து பின்னோக்கி 9 வாரம் எண்ணாமல் 13 வாரம் எண்ணித் தொடங்குங்கள். 9 வாரம் முடிந்ததும் வாரத்தில் ஒரு ஓட்டத்தை மட்டும் 33, 36, 40 நிமிடம் என்று நீட்டினால் போதும், மற்ற இரண்டும் 30-லேயே இருக்கட்டும். கடைசி வாரம் இரண்டே ஓட்டம், தலா 20 நிமிடம்.

சென்னை, மதுரை வெயிலும் புழுக்கமும் பிரிட்டிஷ் திட்டத்தின் கணக்கில் இல்லை. விடியற்காலையிலேயே ஓடி முடியுங்கள். புழுக்கமான நாளில் வேகம் தானாகக் குறையும், அதை ஈடுகட்ட முயல வேண்டாம்.

பந்தய நாளுக்கான தயாரிப்பை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எண் அட்டையை நெஞ்சுப் பக்கம் நான்கு ஊக்குகளால் குத்துங்கள். நேரம் பதியும் சிப் பெரும்பாலும் அட்டையின் பின்னால் ஒட்டியிருக்கும், அதை மடிக்கவோ அதன்மேல் ஊக்கு குத்தவோ கூடாது. அட்டையின் பின்புறம் ரத்த வகையும் அவசரத் தொடர்பு எண்ணும் எழுதுங்கள். இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம். புது ஷூ, புது சாக்ஸ் இரண்டும் அன்றைக்கு வேண்டாம். புறப்படும் கூட்டத்தில் பின்வரிசையில் நில்லுங்கள்; தொடக்கக் கோட்டிலும் சிப்பைப் பதியும் பந்தயங்களில் உங்கள் நேரம் நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் தொடங்கும், அதனால் நஷ்டம் இல்லை. கூட்டத்தின் உற்சாகத்தில் முதல் கிலோமீட்டர் தானாகவே வேகமாகப் போய்விடும். வழக்கமாக 8 நிமிடம் ஆகிறவர் அதை 8 நிமிடம் 15 விநாடியில் கடந்தால் ஐந்தாவது கிலோமீட்டரில் நடக்க வேண்டி வராது.