கடைத்தெருவில் இருக்கிற மனையெல்லாம் கடை மனை ஆகாது: நெல்லையில் வணிகக் கட்டட அனுமதி, ஒரு மதிப்பீடு

ஐந்துக்கு மூன்று. விதிப்புத்தகத்துக்கு நான்கு கொடுக்கலாம். அதைச் சாதாரணக் கடைக்காரர் கையில் கொண்டு சேர்க்கிற விதத்துக்கு இரண்டுதான்.

இங்கே பார்ப்பது, 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் வணிக உபயோக மண்டலம் பற்றிய பகுதியையும், அதன்படி அனுமதி கேட்கும் ஒற்றைச் சாளர இணையதளத்தையும். திருநெல்வேலி மாநகராட்சி எல்லைக்குள் கடையோ ஓட்டலோ சின்ன காம்ப்ளக்ஸோ கட்ட நினைக்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

டவுன் ரத வீதிகள், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி எனக் கடைகள் நெருங்கிய இடங்களைக் காட்டி, 'இதெல்லாம் கமர்ஷியல் ஏரியாதான் அண்ணாச்சி' என்று தரகர் சொல்வார். தெருவின் முகத்தைப் பார்த்து அவர் சொல்கிறார்; அனுமதி கொடுப்பவர் முழுமைத் திட்ட வரைபடத்தில் (எந்த நிலம் எந்த உபயோகத்துக்கு என்று ஊர் முழுவதுக்கும் வகுத்த மாஸ்டர் பிளான்) அந்தப் புல எண்ணுக்கு என்ன மண்டலம் என்று பார்க்கிறார். சாலையோர மனை வணிகமாகவும் அதன் முதுகில் ஒட்டிய மனை குடியிருப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்து வாங்கி ஒரே கட்டடமாகப் போட நினைத்தால் பின்பாதியில் சிக்கும்.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பட்டா, எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடம், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் நில உபயோகத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. இதிலே நகருக்குள் வழக்கமாக வருகிற கோளாறு ஒன்று உண்டு: பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும், பட்டாவில் வார்டு, பிளாக்கோடு டவுன் சர்வே எண் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான் என்பதற்கு வருவாய்த் துறையிடம் ஒப்பீட்டு விவரம் வாங்கி வைக்காவிட்டால் விண்ணப்பம் முதல் கேள்வியிலேயே நிற்கும்.

மண்டலங்களின் அமைப்பு ஏணி மாதிரி. வணிக மண்டலத்தில் வீடு கட்டலாம், கீழே கடை மேலே வீடு என்றும் கட்டலாம். கீழிருந்து மேலே போக முடியாது. ஆதாரக் குடியிருப்பு மண்டலத்தில், அதாவது வீடுகளுக்கென்றே ஒதுக்கியதில், அன்றாடத் தேவைக்கான சிறு கடை, தையல் கடை போன்றவற்றுக்குத்தான் இடம். கலப்புக் குடியிருப்பில் கொஞ்சம் தாராளம். கடையின் பரப்பை மட்டும் பார்த்துவிட்டு மோட்டாரை மறந்துவிடுகிறார்கள். எத்தனை குதிரைத்திறன் என்பதற்கும் மண்டலத்துக்கு மண்டலம் வரம்பு உண்டு. மாவு மில், மரச் செக்கு, அல்வா கிண்டும் பட்டறை இவையெல்லாம் இதில்தான் மாட்டும். அல்வா விற்கிற கடை வேறு, அடுப்பும் இயந்திரமும் வைத்து அல்வா தயாரிக்கிற இடம் வேறு. விண்ணப்பத்தில் இரண்டையும் 'கடை' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் பின்னால் வருந்திப் பயனில்லை.

நெல்லைக்கே உரிய சிக்கல் வயல். பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் ஊருக்கு நடுவே ஓடுகின்றன. நான்கு பக்கமும் கட்டடம் எழும்பிய பிறகும் வரைபடத்தில் விவசாய மண்டலமாகவே இருக்கிற நிலம் உண்டு. அதில் கடை கட்ட நில உபயோக மாற்றம் வேண்டும்: விண்ணப்பம், துறைகளின் கருத்து, நாளிதழ் விளம்பரம், ஆட்சேபம் கேட்பது, பிறகு அரசுத் தரப்பின் முடிவு. மாதக் கணக்கில் போகும். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. மாற்றம் வந்த பிறகுதான் பத்திரம் என்று விற்பவரோடு எழுதிக்கொள்ள முடியாவிட்டால் அந்த நிலத்தை விட்டுவிடலாம். கால்வாய்க் கரையை ஒட்டி இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும், ரயில்வே எல்லைக்கு 30 மீட்டருக்குள் இருந்தால் ரயில்வேயின் சான்றும் கேட்பார்கள். இவற்றை முதலிலேயே கையில் வைத்துக்கொள்வது நல்லது.

மனைக்கு மண்டலம் சரியாக இருந்தும் கணக்கு இடிக்கிற இடம் அளவு. 3 சென்ட் என்றால் 1,307 சதுர அடி. தளப் பரப்புக் குறியீடு, அதாவது மனையைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவு, 2 என்பதால் தாளில் 2,613 சதுர அடி வரை கட்டலாம். ஆனால் வணிகக் கட்டடத்துக்கு 2,000 சதுர அடி வரைதான் உள்ளாட்சி அமைப்பே அனுமதி கொடுக்கும். அதைத் தாண்டினால் கோப்பு நகர் ஊரமைப்புத் துறைக்குப் போகும். ஆய்வும் கேள்வியும் கூடும். அந்த 613 சதுர அடிக்காக அலைச்சல் தாங்குமா என்பதை மனைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் கருத்து, முதல் கடைக்கு 2,000-க்குள் நிற்பதே மேல்.

அதிலும் வண்டி நிறுத்தம். ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது சுமார் 135 சதுர அடி. ஒரு வழியாகக் கார் உள்ளே போகப் பாதை 3.5 மீட்டர். டவுன் பக்கத்து மனைகள் பெரும்பாலும் முகப்பு குறுகி ஆழம் நீண்டவை. 20 அடி முகப்பு என்றால் 6.1 மீட்டர். பாதைக்கு 3.5 போனால் ஷட்டருக்கு மிஞ்சுவது 2.6 மீட்டர், எட்டரை அடி. வரைபடத்தில் பார்க்கிங் என்று காட்டிவிட்டுக் கட்டி முடித்ததும் அங்கே குடோன் போடுகிறார்கள். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். தொடர் கட்டடப் பகுதியாக (கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற பகுதி) அறிவித்த தெருக்களில் பக்கவாட்டுக் காலியிடம் விட வேண்டாம் என்ற சலுகை உண்டு. உங்கள் தெரு அதில் வருமா என்பதை வரைபடம் போடுவதற்கு முன் கேளுங்கள். மனையின் லாபமே அதில் இருக்கிறது.

இனி இணையதளம். ஒரே இடத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, கோப்பு எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பது உண்மையில் பெரிய வசதி. கேள்வியும் எழுத்தில் வருகிறது, பதிலும் எழுத்தில் போகிறது. குறை என்னவென்றால், எல்லாம் பதிவு பெற்ற பொறியாளர் கை வழியாக நடக்கிறது. அவர் தன் கைபேசி எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிட்டால், உரிமையாளருக்குக் கேள்வி வந்ததே தெரியாது. விண்ணப்பத்தில் உங்கள் எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். சொற்களும் சாதாரண ஆளுக்குப் புரிகிற தமிழில் இல்லை; மதிப்பெண் குறைந்ததற்கு அதுவும் காரணம்.

2024 ஜூலையில் வந்த, உரிமையாளரே விதிப்படி என்று சான்று சொல்லி அனுமதி வாங்கும் சுயசான்று முறையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டலாம் என்ற அந்த உடனடி அனுமதி வீட்டுக்கு மட்டும். அதில் வாங்கிய வீட்டின் முன் அறைக்கு ஷட்டர் போட்டால் அது அனுமதி மீறிய கட்டடம். பெருமாள்புரம், தியாகராஜநகர், மகாராஜநகர் மாதிரிக் குடியிருப்புப் பகுதியில் மனை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. வீட்டு மின் இணைப்பில் கிடைக்கிற இலவச யூனிட்டோடு கடை நடத்தலாம் என்ற கணக்கும் சேர்ந்துகொள்ளும். புகார் ஒன்று போதும், இரண்டும் ஒன்றாக வெளியே வரும்.

இன்னொரு தவறான நம்பிக்கை: 'வணிக விகிதத்தில் சொத்து வரி கட்டுகிறேன், தொழில் உரிமமும் இருக்கிறது, அப்புறம் என்ன?' வரி, இருக்கிற பயன்பாட்டுக்குப் போடுவது. உரிமம், தொழிலுக்குக் கொடுப்பது. இரண்டும் மண்டலத்தை மாற்றாது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் வரும்போது வரி ரசீதைக் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

மனையே அங்கீகாரம் இல்லாத பிரிவில் இருந்தால் மேலே சொன்ன எதற்கும் போக வேண்டாம். 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்த மனைகளுக்குத்தான், அங்கீகாரம் இல்லாததை முறைப்படுத்திக் கொடுக்கும் வரன்முறைத் திட்டம். அந்த ஆணை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கீகரித்த மனைப்பிரிவாக இருந்தாலும் வரைபடத்தில் 'கடை மனை' என்று தனியாகக் குறித்த எண்கள் இருக்கும். உங்கள் எண் அதில் இல்லாவிட்டால் அது வீட்டு மனை.

கடைசியாக முகப்பு. சன்ஷேடும் பெயர்ப்பலகையும் தெருவுக்கு மேலே நீளக் கூடாது. ஆனித் தேர் ஓடுகிற ரத வீதிகளில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. படிக்கட்டுதான் மற்றத் தெருக்களில் தொந்தரவு. சாலை உயரும் என்று பயந்து தளத்தை இரண்டு அடி தூக்குகிறார்கள், படிகள் வாறுகால் (சாக்கடை) மேல் போய் உட்கார்ந்துவிடுகின்றன. வாறுகால் தூர் வார வருகிறபோது முதலில் உடைபடுவது அதுதான். சக்கர நாற்காலிக்கான சாய்தளமும் வேண்டும்: ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு என்றால் இரண்டு அடி உயரத்துக்கு 24 அடி நீளம். 20 அடி முகப்பில் அது நேராக அடங்காது, மனைக்குள்ளேயே மடித்துத்தான் போட வேண்டும். அதற்கான இடத்தை அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே பொறியாளரிடம் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.