1869 சின்சினாட்டி, 1899 கிளீவ்லாண்ட்: இரண்டு பேஸ்பால் சீசன்கள்

அமெரிக்காவின் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ்தான் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் பேஸ்பால் அணி. மொத்தம் பத்தே பேர். மார்ச் 15 முதல் நவம்பர் 15 வரை ஒப்பந்தம். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்று பந்தைத் தடுப்பவர்) ஜார்ஜ் ரைட்டுக்கு 1,400 டாலர், அணியை நடத்திய அண்ணன் ஹாரிக்கு 1,200. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஆசா பிரெய்னார்டின் பந்துகளை எதிரணி விளாசினால், ஹாரியே சென்டர் ஃபீல்டிலிருந்து (மைதானத்தின் பின்பகுதி நடுவிலிருந்து) வந்து மெதுவான பந்து போடுவார். வேகத்துக்குப் பழகிய பேட்டர் தடுமாறுவார். 57 வெற்றி, தோல்வியே இல்லை. டிராய் அணியுடன் 17-17 என நின்ற ஆட்டம் மட்டும் சர்ச்சைக்குரியது.

கிளீவ்லாண்ட் ஸ்பைடர்ஸ் நேர் எதிர்: 20 வெற்றி, 134 தோல்வி. திறமைக் குறைவு என்று இதைத் தள்ளிவிடுவது அநியாயம். உரிமையாளர்களான ராபிசன் சகோதரர்கள் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, சை யங், ஜெஸ்ஸி பர்க்கெட் போன்ற நட்சத்திரங்களை அங்கே மாற்றிவிட்டார்கள். ஒருவரே இரு அணிகளை வைத்திருக்க அன்று தடையில்லை. விளைவு, சீசன் முழுக்க உள்ளூர் ஆட்டங்களைப் பார்க்க வந்தவர்கள் 6,088 பேர். டிக்கெட் வசூலில் கிடைக்கும் பங்கு பயணச் செலவுக்கே போதாமல் எதிரணிகள் வர மறுத்தன. அதனால் 112 ஆட்டங்கள் வெளியூரில். அவற்றில் 101 தோல்வி. ஜிம் ஹியூயி என்ற பிட்சரின் கணக்கில் மட்டும் 30 தோல்விகள் எழுதப்பட்டன.

சம்பளமும் ஒழுங்கும் சேர்ந்தால் அணி எப்படி இருக்கும் என்று அறிய சின்சினாட்டியைப் படியுங்கள். நிர்வாகம் ஓர் அணியை எப்படிக் கொல்லும் என்பதற்குக் கிளீவ்லாண்டுதான் சான்று. 1900-இல் கிளீவ்லாண்ட் ஆடிய நேஷனல் லீக் 12 அணிகளை எட்டாகக் குறைத்தபோது அதுவும் நீக்கப்பட்டது.