நிசான் ஃபிகரோ: முகம் பழசு, துருவும் பழசு

1991-இல் வந்தது, மொத்தமே 20,000 வண்டிகள். வெளிர்பச்சை, குரோம் விளிம்பு, வெள்ளைத் தோல் சீட் என்று பார்த்ததும் மயக்கும். அடியில் இருப்பதோ நிசானின் சாதாரண சிறிய கார் மார்ச்: 987 சிசி டர்போ, 76 குதிரைத்திறன், மூன்றே கியர் ஆட்டோமேட்டிக். ஊருக்குள் சுறுசுறுப்பு, நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்திக்கொண்டே வரும். பின்சீட் பை வைக்கத்தான்.

வாங்கும்முன் பெயிண்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். கையால் மடக்கும் துணிக்கூரையின் ரப்பர் இறுகிவிட்டால் மழைநீர் இறங்கி கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். தரைத்தகடு உள்ளிருந்தே துருவேறும். கார்ப்பெட்டைத் தூக்கி விரலால் அழுத்துங்கள், ஈரம் சொல்லிவிடும். கியர் ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும்; பழுப்பேறி கருகல் வாடை அடித்தால் வேறு வண்டி பாருங்கள். எஞ்சின் உதிரிகளுக்கு மார்ச் கைகொடுக்கும். குரோம் பாகங்களுக்குத்தான் அலைச்சல், விலையும் அப்படி.